லேபிளைக் காட்டிச் சுவைப்பதா, மறைத்துச் சுவைப்பதா?

பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, வெஸ்ட்ஃபிளேட்டரன், வாட்டூ என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. முதல் ஊரில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சுவது ‘வெஸ்ட்ஃபிளேட்டரன் 12’ என்ற பீர். அடுத்த ஊரில் செயின்ட் பெர்னார்டஸ் ஆலை காய்ச்சுவது ‘ஆப்ட் 12’. இரண்டும் கரும்பழுப்பு. ஒன்றில் ஆல்கஹால் 10.2 சதவீதம், மற்றதில் 10. வம்சமும் ஒன்றுதான்: 1946 முதல் 1992 வரை மடத்தின் பீரை உரிமம் பெற்று வெளிச்சந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தது அந்த வாட்டூ ஆலை.

இன்று ‘ஆப்ட் 12’ கடை அலமாரியில் சாதாரணமாகக் கிடைக்கிறது. லேபிளில் ஒரு துறவி சிரித்துக்கொண்டிருக்கிறார். வெஸ்ட்ஃபிளேட்டரனை வாங்க, பல வருஷம் மடத்துக்கு போன் போட்டு, கார் நம்பரைச் சொல்லி, குறித்த நேரத்தில் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. 2019-க்குப் பிறகு இணையத்தில் முன்பதிவு. 2005-ல் பீர்களுக்கு மதிப்பெண் போடும் ‘ரேட்பீர்’ இணையதளம் உலகின் தலைசிறந்த பீர் என்று அதை அறிவித்தபின் தேடி வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பல பத்தாண்டுகள் லேபிளே ஒட்டாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் மஞ்சள் மூடியிலேயே அச்சிட்டு வந்த பாட்டில் அது. மறுவிற்பனை வேண்டாம் என்று துறவிகள் கேட்டுக்கொண்டும், வெளியே மடத்து விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது.

அந்தப் பல மடங்கு பணம் கோப்பைக்குள் இருப்பதற்கா, மூடிக்கா? இதை முடிவுசெய்ய இரண்டையும் வாங்கிவந்து ஊற்றிப் பார்த்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் எப்படி ஊற்றிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். பெயரைக் காட்டிச் சுவைக்கலாம்; வகையை மட்டும் சொல்லிப் பெயரை மறைக்கலாம்; நிறத்தைக்கூட மறைத்துவிடலாம்; ஒரே பீரை இரண்டு கிளாசில் ஊற்றி, மூன்றாவதில் வேறொன்றை வைத்து ‘எது வேறு?’ என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வியைத் தீர்மானிக்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான வீட்டுச் சுவைப்புகள் வீணாகின்றன.

முன்னால் சொன்னால் நாக்கு கேட்கும்

1964-லேயே அமெரிக்காவில் அலிசன், ஊல் என்ற இருவர் முந்நூறுக்கும் மேற்பட்ட பீர் குடிப்பவர்களிடம் லேபிள் நீக்கிய பாட்டில்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கள் வழக்கமான பிராண்டைத் தேடிப்பிடிக்க அவர்களால் முடியவில்லை; மதிப்பெண்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த சுற்றில் லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டது.

இதை ‘விளம்பரத்தில் மயங்கிய கூட்டம்’ என்று ஒதுக்கிவிடலாம். 2006-ல் லெனார்ட் லீ, ஷேன் ஃபிரெடெரிக், டான் ஏரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வை அப்படி ஒதுக்க முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் பப்களில் சாதாரண பீர் ஒன்று, அதிலேயே பால்சாமிக் வினிகர் சில சொட்டு விட்டது ஒன்று என்று இரண்டு கோப்பை கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எதுவும் சொல்லவில்லை: பெரும்பாலோருக்கு வினிகர் விட்டதுதான் பிடித்திருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு முன்னாலேயே சொன்னார்கள்: அதன் மவுசு சரிந்தது. மூன்றாவது கூட்டத்தைக் குடிக்கவிட்டு, அப்புறம் சொன்னார்கள். இவர்களில் அதை விரும்பியவர்களின் பங்கு, எதுவுமே தெரியாத முதல் கூட்டத்தை ஒட்டியே இருந்தது.

கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது கூட்டத்தை. ‘வினிகர்’ என்ற தகவல் வெறும் அபிப்பிராயத்தைக் கெடுப்பதாக இருந்தால், அது எப்போது வந்தாலும் கெடுத்திருக்க வேண்டும். குடித்தபின் வந்தபோது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் முன்னால் வந்த தகவல் வேலை செய்தது சுவைக்கும் அந்தக் கணத்திலேயே. ஒயினில் இதை மூளை ஸ்கேனோடு பார்த்தவர்களும் உண்டு: 2008-ல் ஹில்கே பிளாஸ்மன் குழு ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை சொன்ன வாய்க்கு இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதி கூடுதலாகத் துடித்தது. ஆகவே ‘லேபிளைப் பார்த்துப் பிடித்தது பொய்ப் பிடித்தம்’ என்று சொல்வது சரியல்ல. பிடித்தது நிஜம், அதற்குக் காரணம் மட்டும் திரவத்துக்கு வெளியே இருக்கிறது.

இதிலிருந்து எந்த முறைக்கும் பொருந்தும் விதி ஒன்று கிடைக்கிறது: மதிப்பெண்ணைப் பேனாவால் எழுதி முடித்த பிறகே பெயரைத் திறக்க வேண்டும். பென்சில் வேண்டாம்.

பெயரைக் காட்டிச் சுவைப்பது

நிபுணர்கள் ஏளனமாகப் பார்க்கும் முறை இது. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டில் குடிக்கும்போது யாரும் பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டிக் குடிப்பதில்லை. வாங்கப்போவது உங்களுக்காக, ஊற்றப்போவது பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு என்றால், துறவியின் சிரிப்பும் மடத்தின் கதையும் அந்த அனுபவத்தில் ஒரு பங்கு. பரிசுக்கு வாங்குவதாக இருந்தால் இந்த முறை ஒன்றே போதும். பெறுகிறவர் முதலில் பார்க்கப்போவது மூடியைத்தான்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஒரே மேசையில் நாலைந்து பீரை லேபிளோடு வைத்து ‘எது சிறந்தது?’ என்று கேட்பது. அப்போது ஏற்கெனவே மனதில் இருக்கும் தரவரிசை தாளில் நகலெடுக்கப்படும், அவ்வளவுதான். இரண்டு, மேசையில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் வாய் திறப்பது. ‘உலர்திராட்சை வாசம் வருது பாருங்க’ என்று அவர் சொன்ன அடுத்த நொடி ஆறு பேருக்கும் உலர்திராட்சை வந்துவிடும். பெயரைக் காட்டினாலும் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளை விட வலுவான லேபிள் பக்கத்து நாற்காலிக்காரர்.

வகையைச் சொல்லி, பெயரை மறைப்பது

பீர் போட்டிகளில் நடப்பது இதுதான். 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்பு அமைப்பான பிஜேசிபி-யின் நடுவருக்கு, யார் காய்ச்சியது என்று சொல்வதில்லை. எந்த வகை என்று கட்டாயம் சொல்வார்கள். பழம் போட்ட பீர் என்றால் எந்தப் பழம் என்பதும் தாளில் இருக்கும்.

ஏன் வகையையும் மறைக்கவில்லை? நீராகாரத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பானையைத் திறந்தால் புளிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நீராகாரமே இல்லை. அதே புளிப்பு மதியம் வடித்த சோற்றில் வந்தால் ‘ஊசிப்போச்சு’ என்று கொட்டிவிடுவோம். பீரிலும் பாதிக் குற்றங்கள் இப்படித்தான், இடம் மாறிய குணங்கள். ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபவைசனில் வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டும், கிராம்பு வாசம் தரும் வைனைல் குவாயகோலும் அதன் அடையாளம். குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் லாகரில் அதே வாழைப்பழம் மூக்கைத் தொட்டால் நொதித்தல் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். வெண்ணெய் வாசம் தரும் டையசிட்டைல், வெளிர்நிறக் கசப்பு லாகரான பில்ஸ்னரின் செக் நாட்டு வகையில் லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஜெர்மன் பில்ஸ்னரில் மாட்டார்கள். தயிரில் வரும் லாக்டிக் புளிப்பு, புளிப்புக் கோதுமை பீரான பெர்லினர் வைசவில் உயிர்; லாகரைவிடச் சூட்டில் நொதிக்கும் ‘ஏல்’ இனத்து வெளிர் பீரான பேல் ஏலில் கிருமி.

ஆகவே வகையின் பெயரும் ஒரு எதிர்பார்ப்புதான், தேவையான எதிர்பார்ப்பு. லைப்ஸிக் நகரத்து ‘கோசே’ பீரை எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பு, லேசான உப்பு, கொத்தமல்லி விதை. ‘இந்தா பீர்’ என்று நீட்டினால் பத்தில் எட்டுப் பேர் முகம் சுளிப்பார்கள் என்று பந்தயம் கட்டலாம். ‘உப்புப் போட்ட எலுமிச்சை சோடா மாதிரி ஒரு புளிப்பு பீர்’ என்று சொல்லி நீட்டுங்கள், இரண்டாவது மடக்குக்குப் போவார்கள். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடைவெளி சிறியதாக இருந்தால் நாக்கு எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்து கொடுக்கும். இடைவெளி பெரிதானால் எதிர்ப்பக்கம் எகிறிவிடும். 2008-ல் பிரிட்டனில் மார்ட்டின் யோமன்ஸ் குழு புகையூட்டிய சால்மன் மீனில் ஐஸ்கிரீம் செய்து இதைக் காட்டியது. ‘ஐஸ்கிரீம்’ என்று கொடுத்தபோது வெறுத்தவர்கள், ‘குளிரவைத்த கார மூஸ்’ (நுரைத்த கூழ்போன்ற பண்டம்) என்ற வகையில் பெயர் மாற்றிக் கொடுத்தபோது ஏற்றுக்கொண்டார்கள். பண்டம் ஒன்றேதான்.

இருந்தாலும் எவ்வளவு சொல்வது என்பதில் கை இறுக்கம் வேண்டும். ‘புளிப்பு பீர்’ என்பது போதும். ‘கொத்தமல்லி போட்டது’ என்பதையும் சொல்லிவிட்டால், நம் மூக்கு சாம்பார் பொடி டப்பாவைத் திறந்துவிடும். அதன் பிறகு எலுமிச்சையோ, முளைகட்டிய தானியமான மால்ட்டோ கண்ணில் படாது.

மதிப்பெண் தாளுக்கு பிஜேசிபி-யின் 50 புள்ளிப் பங்கீட்டையே எடுத்துக்கொள்ளலாம்: வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைப் பாருங்கள். கண் ஏற்கெனவே அழைக்காமல் எல்லாக் கட்டத்திலும் நுழைந்துவிடுகிறது என்பது தெரிந்தவர்கள் போட்ட பங்கீடு. 30-க்கு மேல் ‘மிக நன்று’, 38-க்கு மேல் ‘அருமை’. வீட்டுச் சுவைப்பில் எல்லாமே 33-க்கும் 37-க்கும் நடுவில் குவிவதுதான் வழக்கமான கோளாறு. அப்போது புள்ளியைத் தள்ளிவைத்துவிட்டு, பிடித்த வரிசையில் கிளாஸ்களை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வரிசை சொல்லும்போது மனிதர்கள் நழுவ முடியாது.

ஒரு சுற்றில் ஆறு பீருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் 60 மில்லி. முதலில் வருவதற்கு எப்போதும் கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்பதால் ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றிக் கொடுங்கள். ஆனால் கசப்பில் பெரிய வித்தியாசம் உள்ளவற்றைக் கலக்கக் கூடாது. ஹாப்ஸ் பூ நிறையப் போட்ட கடுங்கசப்பு ஏலான டபுள் ஐபிஏ குடித்த நாக்கில் பில்ஸ்னர் தண்ணீராகத்தான் இருக்கும். ஒரே வகையை ஒரே சுற்றில் வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

நிறத்தையும் மறைப்பது

2001-ல் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினுக்கே வாசமில்லாத சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசங்களையே அவர்கள் எழுதினார்கள். பீரில் இந்த வலை இன்னும் அகலம், ஏனென்றால் ‘கறுப்பு என்றால் கனம், கனம் என்றால் போதை’ என்று எல்லோரும் நம்புகிறோம். அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், பொன்னிறமாக மின்னும் பல லாகர்களை விடக் குறைவு. அதில் கனம்போலத் தெரிவதில் பெரும்பங்கு நைட்ரஜன் நுரையின் வழவழப்பு. ஜெர்மனியின் கறுப்பு லாகரான ஷ்வார்ட்ஸ்பியர் கறுப்பாக இருக்கும், வாயில் மெல்லிசாக ஓடும். வறுத்த மால்ட் சிறிதளவு போட்டாலே அந்த நிறம் வந்துவிடும்.

நிறத்தை மறைக்க ஒளிபுகாத கறுப்புக் கண்ணாடிக் கோப்பை வேண்டும், அல்லது அறையில் சிவப்பு விளக்கு. எவர்சில்வர் டம்ளர் போதும் என்று நினைக்காதீர்கள்: மேலிருந்து பார்த்தால் விளிம்பில் நிறம் தெரியும், உதட்டில் உலோகக் குளிர்ச்சி வேறு.

நேர்மையாகச் சொன்னால், வாங்குவதா வேண்டாமா என்ற முடிவுக்கு இந்த முறை உதவாது. வகையும் தெரியாமல் நிறமும் தெரியாமல் கிடைக்கும் விருப்பம், வாழ்க்கையில் நீங்கள் ஒருபோதும் குடிக்கப்போகாத சூழலின் விருப்பம். இதில் எப்போதும் ஜெயிப்பது இனிப்பும் ஆல்கஹாலும் கூடியதுதான். நிதானமான பில்ஸ்னருக்கு வாய்ப்பே இல்லை. தன் கண் தன்னை எவ்வளவு ஏமாற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள நல்ல பயிற்சி. அதோடு விட்டுவிடலாம்.

மூன்று கிளாஸ் சோதனை

பணம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு இதுதான் முதல் படி. ‘எது நல்லது?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘வித்தியாசம் தெரிகிறதா?’ என்று கேட்பது. யோஹான் ஆல்மென்பெரி, அன்னா டிரெபர், ராபின் கோல்ட்ஸ்டைன் மூவரும் 138 பேரிடம் ஹைனெகன், ஸ்டெல்லா ஆர்ட்வா, செக் நாட்டு பட்வார் மூன்றையும் இரண்டிரண்டாக, இரண்டு கிளாசில் ஒன்றும் மூன்றாவதில் மற்றதும் வைத்துச் சோதித்தார்கள். மூன்று ஜோடியில் இரண்டில், குத்துமதிப்பாகச் சொல்வதைவிட அந்தக் கூட்டம் மேலாகச் செய்யவில்லை. வித்தியாசமே தெரியாத இரண்டில் ‘எனக்கு இதுதான் பிடிக்கும்’ என்பது முழுக்க லேபிளின் பேச்சு.

நம் இரண்டு பெல்ஜியப் பாட்டில்களையே வைத்துச் செய்முறையைச் சொல்கிறோம். ஆறு பேர், ஒவ்வொன்றிலும் 330 மில்லி பாட்டில் ஒன்று. கணக்கு அழகாக உட்காரும்.

இரண்டும் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்தவை. அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். இரண்டு நாள் நிமிர்த்தியே வைத்திருங்கள். நேராகக் கிளாசில் ஊற்றினால் முதல் கிளாஸ் தெளிவாகவும் கடைசி கிளாஸ் கலங்கலாகவும் வரும். எது வேறு என்று கண்ணே சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் தனி ஜக்கில், பக்கவாட்டில் வழியவிட்டு, இடையில் நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் சாயுங்கள். நிமிர்த்தினால் அடிமண்டி கிளம்பி மேலே வரும். கடைசி 30 மில்லியைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஜக்கில் 300 மில்லி இருக்கும்.

ஒன்றை அ, மற்றதை ஆ என்று வைத்தால் ஆறு வரிசைகள் சாத்தியம்: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. ஆளுக்கு ஒன்று. மொத்தத்தில் அ ஒன்பது கிளாஸ், ஆ ஒன்பது கிளாஸ். கிளாசுக்கு 30 மில்லி, ஆக ஒவ்வொன்றிலும் 270. கை தவறிச் சிந்த 30 மில்லி மிச்சம். 18 கிளாசும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒரே சோப்பில் கழுவி, வாசமில்லாத தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவைத்தவை. துணியால் துடைத்தால் துணியின் வாசம் ஏறும்.

கிளாசுக்கு 1, 2, 3 என்றோ, அ, ஆ என்றோ எழுதாதீர்கள். ‘ஒன்று’ என்றதுமே அது முந்திக்கொள்ளும். 417, 862, 935 என்பதுபோல் அர்த்தமில்லாத மூன்றிலக்க எண்களை அடியில் ஒட்டுங்கள். ஊற்றுபவர் சமையலறையிலேயே இருக்கட்டும். எதுவும் தெரியாத இன்னொருவர் தட்டில் கொண்டுவந்து வைக்கட்டும். ஊற்றியவரே வந்து வைத்தால், சரியான கிளாஸைத் தொடும்போது அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

சுவைப்பவருக்கு ஒரே ஒரு கேள்வி: இடமிருந்து வலமாகக் குடியுங்கள், வேறாக இருப்பது எது? தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எது பிடித்தது என்று இதே சுற்றில் கேட்கக் கூடாது. தவறான கிளாஸை ‘வேறு’ என்று நினைத்தவரின் விருப்பத்தை வைத்து என்ன செய்வது?

ஆறில் ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு வாய்ப்பு எப்படியும் எல்லோருக்கும் இருப்பதால், ஆறில் நான்கு என்பது கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட பத்தில் ஒருமுறை வந்துவிடும். பன்னிரண்டு பேர் என்றால் எட்டு, இருபத்துநான்கு என்றால் பதின்மூன்று. ஆனால் ஆறு பேரில் மூன்று பேர்தான் சரி என்றால் ‘இரண்டும் ஒன்றே’ என்று பறைசாற்ற வேண்டாம். இந்த ஆறு நாக்குக்கு இன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

ஆளுக்கு 90 மில்லி என்றாலும் 10 சதவீத பீரில் அது 7 கிராம் ஆல்கஹால். ஒரே மாலையில் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் நாக்கும் சரியாகச் சொல்லாது, வண்டியும் நேராகப் போகாது. வண்டிச் சாவியை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

எல்லா முறையையும் கவிழ்ப்பவை

வெப்பநிலைதான் முதல் எதிரி. ‘கூலிங் இருக்கா?’ என்று கேட்டே நம்மூரில் பீர் வாங்கிப் பழகியிருக்கிறோம். வெயிலுக்கு மெல்லிய லாகர் குடிக்க அது நியாயமான கேள்வி. ஆனால் 2 டிகிரியில் வைத்த 10 சதவீத பெல்ஜிய ஏல் ஊமை. வாசம் எழும்பாது, இனிப்பு அடங்கிவிடும், குமிழிகளின் கடி மட்டும் மிஞ்சும். லாகருக்கு 4 முதல் 7, ஐபிஏவுக்கு 7 முதல் 10, கறுப்பு ஏலான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13, நம் இரண்டு பாட்டில்களுக்கு 12 டிகிரி. இரண்டு ஜக்கிலும் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காத்திருங்கள். 30 மில்லி பீர் சென்னை அறையில் வேகமாகச் சூடேறும். ஊற்றிய பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

அடுத்தது வயது. ஒன்று இந்த வருஷத்துப் பாட்டில், மற்றது நாலு வருஷம் நிலவறையில் இருந்தது என்றால் நீங்கள் ஒப்பிடுவது ஆலைகளை அல்ல, வருஷங்களை. கனமான கறுப்பு ஏலில் வயது உலர்பழ வாசத்தையும் ஷெரி ஒயினின் சாயலையும் தரும். ஐபிஏவில் அதே வயது ஹாப்ஸைத் தின்றுவிட்டு நனைந்த அட்டை வாசத்தைத்தான் மிச்சம் வைக்கும். தேதியைப் பார்க்கிற வேலையை ஊற்றுபவரிடம் கொடுங்கள்.

கொறிக்க மிளகாய் தூவிய கடலையும் ஊறுகாயும் இருந்தால் சோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது. உப்பில்லாத ரொட்டித் துண்டு, குளிர்ச்சியில்லாத தண்ணீர் போதும். ஊதுவத்தி, மல்லிகைப்பூ, தாளிப்பு மூன்றும் அன்று அந்த அறைக்கு வெளியே.

யாருக்கு எது

பப் நடத்துபவர் புதிதாக ஒரு குழாயில் எந்த பீரை விடுவது என்று முடிவுசெய்கிறார் என்றால், வகையைச் சொல்லிப் பெயரை மறைக்கும் முறைதான். வாடிக்கையாளர் பலகையில் ‘பேல் ஏல்’ என்று பார்த்துவிட்டுத்தான் கேட்கப்போகிறார். அந்த எதிர்பார்ப்பை மறைப்பதில் பயன் இல்லை. ஆலைக்காரரின் பேச்சை மறைப்பதில் பயன் உண்டு. பலகையில் என்ன எழுதுவது என்பதையும் அங்கேயே சோதித்துக்கொள்ளலாம்: ஒரே கோசேயை ஒரு மேசைக்கு ‘புளிப்பு பீர்’ என்றும், அடுத்த மேசைக்கு வெறும் ‘கோதுமை பீர்’ என்றும் கொடுத்து, எத்தனை கிளாஸ் பாதியில் திரும்பி வருகிறது என்று எண்ணினால் போதும்.

ஹாப்ஸ் போடும் நாளையோ ஈஸ்டையோ மாற்றிப் பார்க்கும் ஆலைக்காரருக்கு மூன்று கிளாஸ் சோதனை மட்டுமே. உழைத்தவருக்கு உழைப்பின் ருசி தெரிந்தே தீரும். மாற்றத்தைச் செய்தவரைச் சுவைப்பவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சொந்தப் பணத்தில் விலை உயர்ந்த ஒன்றைத் தொடர்ந்து வாங்குவதா என்று யோசிப்பவருக்கு எங்கள் சிபாரிசு இரண்டு முறையைக் கோத்தது. முதல் நாள் மூன்று கிளாஸ். வித்தியாசமே தெரியவில்லையா, அலமாரியில் கிடைப்பதை வாங்குங்கள், கதை முடிந்தது. தெரிகிறது என்றால் இன்னொரு நாள், இன்னொரு ஜோடி பாட்டில்: பெயரை மறைத்து 50-க்கு மதிப்பெண் எழுதுங்கள்; பெயரைத் திறந்து, புதிதாக ஊற்றி, புதுத் தாளில் மறுபடி எழுதுங்கள். மறைத்தபோது 34, திறந்தபோது 41 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு புள்ளி மூடியின் பங்கு. தனியாக உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டே குடிப்பவருக்கு அந்த ஏழும் கிடைக்கும். கேட்கிற விலை அதற்குத் தகுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஜக்கில் ஊற்றி விருந்தாளிகளுக்குக் கொடுப்பவர் 34-க்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது நாளுக்கு ஒரு எச்சரிக்கை. வெஸ்ட்ஃபிளேட்டரன் பாட்டிலின் கழுத்தைச் சுற்றிக் கண்ணாடியிலேயே எழுத்து புடைத்திருக்கும். துணி சுற்றினாலும் விரல் தடவினால் தெரியும். பாட்டில் மேசைக்கே வரக் கூடாது, ஜக் மட்டும் வரட்டும். மூடியைத் திறந்ததும் ஊற்றுபவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். சமையல் மேடையில் மஞ்சளாக ஒன்று கிடப்பது தண்ணீர் எடுக்க வந்தவர் கண்ணில் பட்டால், அன்றைய சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சத்தைக் குடிக்க வேண்டியதுதான்.